ஆறு கிலோ அறுநூற்று நாற்பது

ஜூன் 3, செவ்வாய்

இந்த டைரி டயர் கம்பெனிக்காரர் பொங்கலுக்குக் கொடுத்தது. ஐந்து மாதமாக டிவிக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்ததை இன்று உருவி எடுத்தேன். சேலம் ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்குச் சாப்பிடப் பழக்கும் பெனிட்டா மேடம் எழுதச் சொல்லியிருக்கிறார். "என்ன குடுத்தீங்க, எவ்ளோ உள்ள போச்சு, யாரு குடுத்தீங்க, பாப்பா என்ன பண்ணா, எல்லாத்தையும் எழுதிட்டு வாங்க சார்" என்றார். மேடம் படிக்கப்போவதால் முறையாகவே தொடங்குகிறேன்.

குழந்தையின் பெயர் நிறைமதி. வயது பதினைந்து மாதம். அம்மா வளர்மதி, வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறாள். அப்பா செங்கோட்டுவேல், அதாவது நான், நாமக்கல் பைபாஸில் லாரிகளுக்கு எடை போடும் எடைமேடையில் ஆபரேட்டர். வளர்மதிக்குப் பிறந்தவள் நிறைமதி என்று பெயர் வைத்தவன் நான்தான். நிறை என்றால் எடை என்றும் ஓர் அர்த்தம் உண்டு. அப்போது அது தோன்றவில்லை. இப்போது தினமும் தோன்றுகிறது.

பாப்பா இரண்டரை மாதம் முந்திப் பிறந்தவள். பிறக்கும்போது ஒன்றேகால் கிலோ. ஐம்பத்திரண்டு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் குழாயோடு கிடந்தாள். இப்போது தவழ்கிறாள், எதையாவது பிடித்துக்கொண்டு நிற்கிறாள், மிக்சி ஓடினால் சிரிக்கிறாள். சாப்பிட மட்டும் மாட்டாள். அரைத்தூக்கத்தில் குடிக்கும் பாலில்தான் உயிர் ஓடுகிறது. நேற்று எடை ஆறு கிலோ அறுநூற்று நாற்பது. ஜூலை பதினைந்துக்குள் ஏழு கிலோவைத் தொடவில்லை என்றால் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்துவிடலாம் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். "பயப்படாதீங்க, சின்ன ஆபரேஷன்தான்" என்றார். அவருக்குச் சின்னது.

ஜூன் 4, புதன்

காலை 8 மணி. ராகிக்கூழ். ஐந்து ஸ்பூன் முயற்சி, உள்ளே போனது ஒன்று. அதிலும் பாதி என் சட்டைக்கு.

மதியம் 1 மணி. பருப்புச் சாதம், குழைய மசித்தது. வாயை இறுக்கிக்கொண்டாள். போனில் பூனைக்குட்டி வீடியோ போட்டு, அவள் வாய் பிளந்து பார்க்கும் நேரம் பார்த்து உள்ளே விட்டேன். இரண்டு ஸ்பூன். மூன்றாவதற்கு எல்லாம் வெளியே வந்துவிட்டது.

மாலை 6 மணி. முட்டை மஞ்சள் கரு. ஊரே முட்டைக்குப் பேர்போன ஊர். லாரி லாரியாக முட்டை என் கண் முன்னால் எடை போட்டுப் போகிறது. என் மகள் அரை மஞ்சள் கருவைப் பார்த்து அலறுகிறாள்.

யார் கொடுத்தது என்ற கேள்விக்கு ஒரே பதில்தான். ஊட்டுவது என் டிபார்ட்மெண்ட். வளர்மதி ஊட்டப் போனால் பாப்பா அழுவதற்கு முன் அவள் அழுதுவிடுவாள். எடைமேடையிலிருந்து வீட்டுக்கு வண்டியில் நான்கு நிமிடம், அதனால் மூன்று வேளையும் நானே வந்துபோகிறேன்.

எல்லாம் துடைத்து முடித்த பிறகு நானும் வளர்மதியும் ஒருவர் மாற்றி ஒருவராகச் சமையல்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு நின்றபடியே சாப்பிட்டோம்.

ஜூன் 7, சனி

பதினோராவது ஸ்பூன் வாங்கியிருக்கிறேன். ரப்பர் நுனி, முயல் படம். பாப்பா முயலைத் தடவிக்கொடுத்தாள். ஸ்பூன் வாய்ப்பக்கம் வந்ததும் தலையைத் திருப்பிக்கொண்டாள். கிண்ணம், ஸ்பூன், டம்ளர் எல்லாவற்றையும் கொதிக்கும் வெந்நீரில் போட்டு எடுக்கிறேன். ஆஸ்பத்திரியில் சொன்னதை இன்றுவரை மீறியதில்லை.

மாலையில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டுபோய் எடைமேடையில் நின்றேன். எழுபது காட்டியது. அவளை வளர்மதியிடம் கொடுத்துவிட்டு நின்றேன். அப்போதும் எழுபது. பத்துப் பத்துக் கிலோவாகத்தான் அதற்குத் தெரியும். நாற்பது டன்னுக்குப் பதில் சொல்கிற மெஷினுக்கு என் பெண் இருப்பதே தெரியவில்லை. வளர்மதி சிரித்தாள். ரொம்ப நாள் கழித்துச் சிரித்தாள்.

ஜூன் 10, செவ்வாய்

மதியம் வண்டிச் சத்தம் கேட்டதும் பாப்பா வாசல்வரை தவழ்ந்து வந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். தூக்கி நான்கு முத்தம் கொடுத்தேன். கை கழுவிவிட்டுக் கிண்ணத்தை எடுத்து வருவதற்குள் ஆளைக் காணோம். தையல் மெஷினுக்குப் பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒளிந்து விளையாடுகிறாள். கெட்டிக்காரி.

ஒன்றரை ஸ்பூன்.

ஜூன் 12, வியாழன்

இன்று நான்கு ஸ்பூன்! பாப்பாவின் கை இரண்டையும் வளர்மதி பிடித்துக்கொண்டாள்.

ஜூன் 15, ஞாயிறு

பரமத்தியில் வளர்மதியின் அக்கா மகனுக்குக் காதுகுத்து. போகவில்லை. பந்தியில் ஊரே உட்கார்ந்து சாப்பிடும்போது நம் குழந்தை வாய் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? எட்டாம் மாதத்தில் ஒருநாள் வளர்மதி தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அன்று முழுவதும் பாப்பா ஒரு வாய்கூட வாங்கியிருக்கவில்லை. பாப்பா தோசையையே பார்த்தாள். வளர்மதி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோய் அழுதாள். அன்றைக்கு எடுத்த முடிவு, பாப்பா சாப்பிடக் கற்கும்வரை அவள் கண்ணெதிரில் நாமும் சாப்பிடுவதில்லை என்று. அன்றிலிருந்து ஒரு பருக்கைகூட அவள் முன்னால் நாங்கள் தின்றதில்லை. இதை மேடம் அவசியம் குறித்துக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கம் குறை ஒன்றும் இல்லை.

பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டேன்.

ஜூன் 19, வியாழன்

சேலம். பெனிட்டா மேடம் டைரியை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். முயல் ஸ்பூனுக்குக்கூடச் சிரிக்கவில்லை. பாப்பா தரையில் உட்கார்ந்து என் செருப்பு வாரை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் எப்ப சாப்பிடுவீங்க?" என்று கேட்டார்.

"அதெல்லாம் சாப்பிட்டுக்குவமுங்க மேடம்."

"எங்க?"

"சமையல்கட்டுலீங்க. கதவச் சாத்திக்கிட்டு."

"அதான் எழுதியிருக்கீங்க. ஏன்?"

வளர்மதி குறுக்கிட்டாள். "கொழந்த வெறும் வயித்தோட இருக்கறப்ப அவ முன்னாடி எப்புடிங்க தின்னறது? தின்னாலும் ஒடம்புல ஒட்டுமுங்களா?"

"எத்தனை மாசமா?"

"ஏழு மாசமாச்சுங்க."

மேடம் டைரியை மூடி மேஜைமேல் வைத்தார். "அப்போ யாராவது சாப்பிடறத இவ கடைசியா பாத்து ஏழு மாசம் ஆச்சு."

நான் பெருமையாகத் தலையாட்டினேன் என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"சார், கோவிச்சுக்காதீங்க. இவளுக்குச் சாப்பாடுன்னா என்னன்னு தெரியும்னு நினைக்கறீங்களா? ஆஸ்பத்திரியில மூக்குல ஏதோ விட்டாங்க. வீட்ல கையப் பிடிச்சுக்கிட்டு வாய்ல ஏதோ விடறாங்க. அவளப் பொறுத்தவரைக்கும் ரெண்டும் ஒண்ணுதான். வேற யாரும் சாப்பிடறதே இல்ல. தனக்கு மட்டும் நடக்கிற வைத்தியம்னு நினைச்சிட்டிருக்கா."

வளர்மதி முந்தானையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். ஏழு மாதம், மூன்று வேளை, ஒருநாள் தவறாமல். நன்மை செய்கிறோம் என்றே நினைத்தோம்.

பஸ்ஸுக்காகக் கட்டிவந்த எலுமிச்சைச் சாதத்தை மேடம் அங்கேயே எடுக்கச் சொன்னார். "வெளிய போய்ச் சாப்பிட்டுக்கறோமுங்க" என்றேன். "வெளிய போறதுதான் சார் பிரச்சினையே" என்றார். பாய் விரித்தார். டிபன் பாக்ஸைத் திறந்து, கை கூச, முதல் கவளத்தை வாயில் வைத்தேன். பாப்பா செருப்பை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். தவழ்ந்து வந்து என் மடியில் ஏறினாள். என் கன்னம் அசைவதைக் கையால் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் உதட்டை விலக்கி, விரலை என் வாய்க்குள் விட்டுத் துழாவினாள். எங்கே போகிறது இது என்று தேடுகிறாள் போலிருந்தது. அழுதுகொண்டே மென்றேன்.

மேடம் கொடுத்த சட்டம் இதுதான். ஒரே பாயில் மூன்று தட்டு, ஒரே நேரம். பாப்பாவின் வாயருகே யார் கையும் போகக் கூடாது. சாப்பிடு என்ற சொல்லே கூடாது. பாலை அவள் விழித்திருக்கும்போது மடியில் வைத்துக் கொடுக்க வேண்டும். முக்கியமாக, அவள் சாப்பிடுகிறாளா என்று உற்றுப் பார்க்கவே கூடாது.

"அவ வயித்துக்குள்ள எவ்ளோ போகணும்னு அவ முடிவு பண்ணட்டும். நீங்க கூட உக்காந்தா போதும்" என்றார்.

ஜூன் 20, வெள்ளி

பாயில் முதல் சாப்பாடு. பாப்பா தன் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள்.

பார்க்காமல் இருப்பது என்ன சாதாரணமா? பன்னிரண்டு வருடமாக எண்ணைப் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிறவன் நான். சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். எந்தத் தேதியில் என்ன விசேஷம் என்று இப்போது மனப்பாடம்.

ஜூன் 24, செவ்வாய்

நான்கு நாளாக ஒரு பருக்கைகூட உள்ளே போகவில்லை. ரசத்தில் கை போட்டாள், தலையில் தேய்த்துக்கொண்டாள். கத்தரிக்காயை நசுக்கி வளர்மதியின் காலில் பூசினாள். சாப்பாட்டின்மேல் பயம் போனால் சரி என்று மேடம் போனில் சொன்னார். பயம் போய்விட்டது. பாயைத்தான் தினமும் துவைக்க வேண்டியிருக்கிறது.

ஜூன் 26, வியாழன்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடை பார்த்தோம். ஆறு கிலோ ஐந்நூற்றுத் தொண்ணூறு. ஐம்பது கிராம் குறைந்திருக்கிறது. இன்னும் பத்தொன்பது நாள்.

வளர்மதி வழியெல்லாம் பாப்பாவின் தொடையை விரலால் வளைத்து அளந்துகொண்டே வந்தாள்.

ஜூன் 27, வெள்ளி

இன்று எழுத ஒன்றும் இல்லை. பாய் இரண்டு துவைத்தேன். நல்ல வெயில்.

ஜூன் 29, ஞாயிறு

வெள்ளிக்கிழமை எழுத ஒன்றும் இல்லை என்று எழுதியது பொய்.

அன்று மதியம் வளர்மதி தைத்த ரவிக்கைகளைக் கொடுத்துவரப் போயிருந்தாள். ஐந்நூற்றுத் தொண்ணூறு என்ற எண் காலையிலிருந்து மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. பாப்பாவை மடியில் போட்டு, கை இரண்டையும் என் இடது கையில் அடக்கி, மூன்று ஸ்பூன் உள்ளே தள்ளினேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. உடம்பைத் தளரவிட்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். விட்டதும் எல்லாவற்றையும் பாயில் கக்கினாள்.

அதிலிருந்து நான் பாயில் உட்கார்ந்தால் அவள் வருவதில்லை. வண்டிச் சத்தத்துக்கு வாசலுக்கும் வருவதில்லை. கையில் கிண்ணம் இல்லாமல் வெறுங்கையோடு வந்தாலும் தையல் மெஷினுக்குப் பின்னால் போய்விடுகிறாள். ஒளிந்து விளையாடுகிறாள் என்று ஜூன் பத்தாம் தேதி எழுதியிருக்கிறேன். அது விளையாட்டு இல்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். பெற்ற மகள் என்னைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

வளர்மதியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"அன்னைக்கு அவ கையப் புடிச்சுக்கிட்டது நானுங்க. உங்களைய மட்டும் எப்புடிச் சொல்லுவேன்?" என்றாள். தைத்துக்கொண்டிருந்ததை மடித்து வைத்துவிட்டு, "இனி ரெண்டு பேரும் வேண்டாமுங்க. கொழாய் வெச்சாலும் சரி. கொழாயோட எம்புள்ள எங்கூட இருந்தாப் போதும். நம்மளக் கண்டு ஒளிய வேண்டாம்" என்றாள்.

பதினொரு ஸ்பூன்களையும் எடுத்துப் பரணில் போட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிட்டேன். முதுகுக்குப் பின்னால் முட்டி தேயும் சத்தம் கேட்டது. திரும்பவில்லை.

ஜூலை 3, வியாழன்

சாப்பிடும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். அவ்வளவுதான். இரண்டாவது இட்லி எனக்கு அமிர்தமாக இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

இன்று நடந்ததைக் கவனமாக எழுத வேண்டும்.

காலை இட்லி, நிலக்கடலைச் சட்னி. பாப்பா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் தட்டிலும் இட்லி இருந்தது, பூப்போல உதிர்த்து, சட்னி இல்லாமல். அதை அவள் தொடவில்லை. நான் கடித்துவிட்டு மீதியைக் கையில் வைத்துக்கொண்டு காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்து யாரோ பிடுங்குவது தெரிந்தது. பாப்பா. என் எச்சில் இட்லி, காரச்சட்னியோடு. வாயில் வைத்தாள்.

"ஏனுங்க, எச்சி!" என்று வளர்மதி பதறினாள். பதினைந்து மாதமாகக் கொதிநீரில் போடாத பாத்திரம் எதுவும் இவள் பக்கம் வந்ததில்லையே.

"பாக்காத, பாக்காத" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். இரண்டு பேரும் காலண்டரையே பார்த்தோம். சப்பும் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு செருமல். காரத்துக்கு உஸ் என்றாள். ஓரக்கண்ணால் பார்த்தேன். கண்ணில் தண்ணீர், ஆனால் துப்பவில்லை. மறுபடி என் கையைப் பிடித்து இழுத்தாள். கடித்த பக்கத்தைத்தான் கேட்டாள். கடிக்காததை நீட்டினால் தள்ளிவிடுகிறாள். நான் தின்று பார்த்ததுதான் அவளுக்கு நம்பிக்கை போல.

கால் இட்லி. யாரும் கொடுக்கவில்லை. அவளே எடுத்துக்கொண்டாள்.

ஜூலை 8, செவ்வாய்

மேடத்துக்குப் போன் செய்து எச்சில் விஷயத்தைச் சொன்னேன். "சளி, காய்ச்சல் இல்லாதப்ப விடுங்க சார். கொஞ்ச நாள்ல அவ தட்டுக்கே போயிடுவா" என்றார்.

அதற்காக நான் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும். ஐஸ் தண்ணீரை நிறுத்தியாயிற்று.

ஜூலை 11, வெள்ளி

கீரைச்சோறு, பாதி வாழைப்பழம், எனக்கு வைத்திருந்த அப்பளம். பழத்தைப் பிசைந்து உருட்டி என் வாயில் திணித்தாள். திணிக்கும்போது ஊட்டுகிற தாய்மார்கள் செய்வது போலவே தன் வாயையும் "ஆ" என்று பிளந்துகொண்டாள். ஒரு மாதத்துக்கு முன் இந்த வாயைத் திறக்க நான் என்ன பாடுபட்டேன்!

ஜூலை 15, செவ்வாய்

ஆறு கிலோ தொள்ளாயிரத்துப் பத்து.

ஏழு இல்லை. தராசில் இருந்த எண்ணை மூன்று தரம் பார்த்தேன். தொண்ணூறு கிராம்! ஒரு பெரிய முட்டையும் ஒரு வாய்ச் சோறும் சேர்ந்தால் அவ்வளவுதான்.

பெரிய டாக்டர் ரிப்போர்ட்டையும் எடை வரைபடத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பெனிட்டா மேடம் நின்றுகொண்டே அவரிடம் பேசினார். "டாக்டர், இந்தக் கோடு பிறந்ததுல இருந்து இப்பத்தான் மேல திரும்பியிருக்கு. இப்போ போய் குழாய் வெச்சு இத நிறுத்தணுமா?" டாக்டர் யோசித்தார். வளர்மதி என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

"சரி, செப்டம்பர் கடைசி வரைக்கும் பாக்கலாம்" என்றார். "ஆனா குழாய் வேண்டாம்னு நான் சொல்லல. ஏறறது நிக்கக் கூடாது. எப்பவாவது மறுபடி சாப்பிட மாட்டேன்னு ஆரம்பிச்சா ஒரு நாள்கூடத் தள்ளிப் போடாம கூட்டிட்டு வந்துருங்க."

சரிங்க, சரிங்க என்று நானூறு தரம் சொல்லியிருப்பேன்.

ஜூலை 18, வெள்ளி

பாப்பா இன்று தன் தட்டிலிருந்தே சாப்பிட்டாள். என் தட்டு அவளுக்கு வேண்டாமாம். சந்தோஷப்பட வேண்டிய விஷயம். கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது, மறைப்பானேன்?

ஜூலை 25, வெள்ளி

மதியம் எடைமேடையில் பெரிய நெரிசல். தீவன மூட்டை ஏற்றிய லாரி ஒன்று மேடைமேல் ஏறி நின்று பஞ்சராகிவிட்டது. பின்னால் வரிசை. ஒரு மணிக்குப் போக வேண்டியவன் ஒன்றே முக்கால் வரை நகர முடியவில்லை. அப்போது வளர்மதியின் போன்.

"ஏனுங்க, பாப்பா சாப்புட மாட்டேங்கறா. சீக்கிரம் வாங்க."

மேற்கொண்டு கேட்பதற்குள் கட்டாகிவிட்டது. டாக்டர் சொன்னது அப்படியே காதில் கேட்டது. டிரைவர்கள் கத்தக் கத்த ஷட்டரை இறக்கிவிட்டு வண்டியை எடுத்தேன். வழியிலேயே சேலம் பஸ் எத்தனை மணிக்கு என்று கணக்குப் போட்டுக்கொண்டு வந்தேன். செருப்பைக் கழற்றினேனா என்பதுகூட நினைவில்லை.

கூடத்தில் பாய் விரித்திருந்தது. மூன்று தட்டு. வளர்மதி வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு நின்றாள். அழுகிறாளா என்று பார்த்தேன். பாப்பாவின் தட்டில் பருப்புச்சோறும் பீர்க்கங்காயும் ஆறிப்போய் அப்படியே இருந்தன. அவள் அங்கே இல்லை. என் காலித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அதை இரண்டு கையாலும் டமடமவென்று தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒரு மணியிலிருந்து இதேதானுங்க" என்றாள் வளர்மதி. பொத்தியிருந்தது சிரிப்பு. "சோத்த எடுக்கறா, வாசலப் பாக்கறா, திரும்பத் தட்டுலயே வெச்சர்றா. நான் சாப்புட்டுக் காட்டினாலும் கண்டுக்கறதில்ல. அப்பன் வராம திங்க மாட்டாளாமா."

நான் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். பாப்பா தன் தட்டுக்கு நகர்ந்துபோனாள். நான் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வைத்தேன். உடனே அவளும் ஒரு கை அள்ளி வைத்துக்கொண்டாள். மறந்துபோய் அவள் சாப்பிடுவதை உற்றுப் பார்த்துவிட்டேன். அவள் அதைச் சட்டை செய்யவில்லை.

சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடைமேடையில் எட்டு லாரி நிற்கிறதாம். எனக்கு இன்னும் ஒரு கரண்டி சோறு வைக்கச் சொன்னேன்.